செயலாளர் ஆண்டறிக்கை: ஜார்ஜ் மேசனோடு ஒரு வருஷம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வர்ஜீனியாவில் குடியிருந்துகொண்டு, அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் மேசனைத் தெரியாமல் இருக்கலாமா என்று சென்ற பொதுக்குழுவில் கிளப்பிவிட்டது நான்தான். நம் வாசகர் வட்டம் இந்த ஆண்டு முழுக்க அவரைத்தான் படித்தது.

1725-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா பொட்டோமாக் ஆற்றில் மூழ்கி இறந்தார். வளர்ந்து பெரும் பண்ணையாராகி, 1758-இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்குப் போனார். கமிட்டி என்றாலே அவருக்கு அலுப்பு. (நம் செயற்குழுவிலும் சிலர் அப்படித்தான்.)

வசந்தத்தில் அவர் வீடான கன்ஸ்டன் ஹாலுக்குப் போனோம். வாசலுக்கு எதிரே நான்கு வரிசையாகச் செர்ரி மரங்கள் வைத்திருந்தாராம். வாசல் நடுவில் நிற்பவர் கண்ணுக்கு நாலே மரம்தான். ஓர் அடி நகர்ந்தால் அத்தனையும் தெரியும். விருந்தாளிகளை எண்ணச் சொல்லி வேடிக்கை பார்ப்பார் என்று மகன் ஜான் எழுதிவைத்திருக்கிறார். மேசன் நட்ட மரங்கள் இன்று இல்லை. இருந்தும் எல்லோரும் ஒருமுறை நகர்ந்து பார்த்தோம்.

அதே ஜான் இன்னொரு பட்டியலும் தருகிறார்: தச்சர், பீப்பாய் செய்பவர், கொல்லர், தோல் பதனிடுபவர், செருப்புத் தைப்பவர், நெசவாளர். எல்லோரும் அப்பாவின் அடிமைகள்.

ஜூலைக் கூட்டத்தில் சண்டை வந்தது இதனால்தான். எல்லா மனிதரும் இயல்பிலேயே சமமாகச் சுதந்திரமானவர்கள் என்று 1776-இல் வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர் இவர். 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதக் கூடிய பிலடெல்பியா மாநாட்டில், கையெழுத்துப் போடுவதைவிட வலது கையையே வெட்டிக்கொள்வேன் என்று சொல்லி, கடைசியில் அதில் ஒப்பமிட மறுத்த மூவரில் ஒருவர். அதில் குடிமக்களின் உரிமைப் பட்டியல் இல்லை, அடிமை இறக்குமதிக்கு இன்னும் இருபது ஆண்டு அனுமதி என்பதெல்லாம் அவர் குறை. சரி, மெச்சலாம். ஆனால் மறு ஆண்டே, ஏற்கெனவே இருக்கும் அடிமைகளை உடைமையாகக் காக்க விதி இல்லையே என்றும் வாதாடினார். 1792-இல் இறந்தபோது உயிலிலும் அவர்களை விடுவிக்கவில்லை. காலத்தின் குற்றம் என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அப்புறம் ஏன் அதே வர்ஜீனியாப் பண்ணையாரான ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் எழுதிய உயிலில் தன் அடிமைகளை விடுவித்தார் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார். தேநீர் ஆறிப்போனது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கலையும் முன் அவரைப் பார்க்கவும். அடுத்த ஆண்டுக்கு யாரைப் படிக்கலாம் என்பதைச் சீட்டில் எழுதி மேசைமேல் உள்ள டப்பாவில் போடுங்கள்.

செயலாளர்