அணு உலையை ஆய்வு செய்பவரின் சம்பளம் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணு மின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்ட 'சாந்தி' சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியபோது தனியார் முதலீடு, இழப்பீட்டுப் பொறுப்பு, 2047-க்குள் 100 ஜிகாவாட் இலக்கு என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. உலைகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்ததைப் பலரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். 1983 நவம்பர் முதல் அது அரசின் ஓர் ஆணையை வைத்தே காலம் தள்ளியது. ஆனால் அந்த வாரியத்தின் ஆய்வாளர் எங்கிருந்து வருகிறார், என்ன வாங்குகிறார், வேலையை விட்டால் எங்கே போகிறார் என்பது பேச்சிலேயே இல்லை.

உலை ஆய்வு என்றால் யாரோ கருவியோடு உள்ளே போய்க் கழற்றிப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலை பதிவேடுகளில்தான். அவசர டீசல் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். வெளி மின்சாரம் போனால் உலையைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு அதுதான் கதி. குறித்த நாள்களில் அதை ஓட்டிச் சோதித்து 'திருப்தி' என்று எழுதி வைத்திருப்பார்கள். புதிதாக வந்த ஆய்வாளர் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போவார். கட்டுப்பாட்டு அறையில் பல வருடம் இருந்தவர் அங்கே நிற்பார். சோதனைக்கு அரைமணி முன்பு யாராவது எஞ்சினைச் சூடாக்கி, எண்ணெய் ஏற்றி வைத்தார்களா? கடந்த ஆறு சோதனைகளில் கிளம்பும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறதா? நிஜமாக மின்சாரம் போகும் இரவில் யாரும் முன்கூட்டியே சூடாக்கி வைக்கப் போவதில்லை. ஒரு மின்சுற்றைத் தாண்டிவிடப் போட்ட கம்பி இணைப்பு 'தற்காலிக ஜம்பர்' என்று லாக் புத்தகத்தில் மூன்றாவது மாதமும் அப்படியே இருந்தால், அதுவும் அவர் கண்ணில்தான் படும்.

இப்படிப்பட்டவர் உருவாகக் குறைந்தது பத்து வருடம் ஆகும். இந்த வருடம் இடம் காலியானால் அடுத்த வருடம் விளம்பரம் கொடுத்து நிரப்பிவிட முடியாது.

இனி சம்பளக் கணக்கு. பொறியியல் முடித்து, பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வருடம் இருந்து வருபவர் வாரியத்தில் மத்திய அரசு ஊதிய அட்டவணையின் லெவல் 10-இல், 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேருகிறார். மின் நிலையத்துக்குப் போகும் அவருடைய வயதுக்காரரும் அதே லெவலில்தான் தொடங்குகிறார். ஆக, ஆரம்பத்தில் பிரச்னை இல்லை. எட்டு, பத்து வருடம் கழித்துத்தான் சிக்கல். லெவல் 12-இல், 78,800 ரூபாயில் தொடங்கும் அட்டவணையில் இருக்கும் ஷிப்ட் பொறியாளர் வாரியத்துக்கு வர நினைத்தால் அடிப்படைச் சம்பளம் மாறாது. உலையை இயக்கும் உரிமத் தகுதிக்கும் உற்பத்திக்கும் நிலையத்தில் கிடைத்துவந்த ஊக்கத்தொகை போய்விடும். கூடங்குளத்திலோ கல்பாக்கத்திலோ இருந்த டவுன்ஷிப் குடியிருப்பை விட்டு மும்பை அணுசக்தி நகருக்கு மாற வேண்டும். யார் வருவார்? இனி தனியார் நிறுவனங்களும் உலை நடத்த வந்தால் அவர்கள் முதலில் தேடுவது இதே பத்து வருட அனுபவக்காரரைத்தான். அவர்கள் கொடுக்கக்கூடிய தொகைக்கு ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் பதில் இல்லை.

காலியிடத்தின் விலை என்ன என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி உலையில் 2002 மார்ச்சில் கண்டது: கசிந்த போரிக் அமிலம், எரிபொருள் இருக்கும் அழுத்தக் கலத்தின் மூடியில் சுமார் 15 சென்டிமீட்டர் எஃகை அரித்துத் தின்றிருந்தது. மிச்சம் நின்றது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகு உறை மட்டும். 2000-இல் எடுத்த புகைப்படத்திலேயே மூடியிலிருந்து சிவப்புத் துரு வழிவது தெரிந்தது. பின்னர் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் தன்னையே விசாரித்துக்கொண்டபோது, அங்கே தங்கியிருக்க வேண்டிய ஆய்வாளர் இடங்களில் ஒன்று நீண்ட காலம் நிரப்பப்படாமல் கிடந்ததையும் குறைகளில் ஒன்றாக எழுதியது.

நம் ஊரில் நல்ல உதாரணமும் உண்டு. 2013-இல் கூடங்குளம் முதல் உலையின் சோதனைக் கட்டத்தில் நான்கு வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை. உறுப்புகளை மாற்றி மறுபடி சோதித்துக் காட்டச் சொன்னது வாரியம். அந்த ஜூலையில்தான் உலை அணுப்பிளவுத் தொடர்வினையைத் தொட்டது. ஊரே எதிர்பார்த்துக் கிடந்த நேரத்தில் 'பொறுங்கள்' என்று சொல்ல ஆளும் வேண்டும், ஆளுக்குத் தெம்பும் வேண்டும்.

உலைகளாவது எண்ணிக்கையில் கொஞ்சம். மருத்துவமனை எக்ஸ்-ரே முதல் தொழிற்சாலை ரேடியோகிராபி வரை எல்லாமே இதே வாரியத்தின் தலையில். 2012-இல் அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) கணக்குப் பார்த்தபோது 57,443 எக்ஸ்-ரே கருவிகளில் 52,173 பதிவே செய்யப்படாதவை. மாநிலம்தோறும் கதிரியக்கப் பாதுகாப்பு இயக்குநரகம் அமைக்கச் சொல்லி 2001-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும், அப்போது அமைத்திருந்தவை கேரளமும் மிசோரமும் மட்டுமே. விதிமீறலுக்கு அப்போது அபராத உச்சம் 500 ரூபாய்!

திருச்சி வட்டாரத்துக் கொதிகலன் பட்டறைகளில் வெல்டிங்கைப் படம் பிடிக்கும் இரிடியம்-192 கதிர்வீச்சு மூலத்தைப் பாருங்கள். கேபிள் நுனியில் மூலம் சரியாகக் கொக்கியில் மாட்டாவிட்டால், கைப்பிடியைச் சுற்றித் திருப்பும்போது கேபிள் மட்டும் கதிரைத் தடுக்கும் பெட்டிக்குள் வந்துவிடும். மூலம் குழாயிலேயே தங்கிவிடும். பார்வைக்கு எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர் மட்டுமே உண்மை சொல்லும், அதுவும் அளவு சரிபார்க்கப்பட்டிருந்தால். இந்த வேலை பெரும்பாலும் ஆள் நடமாட்டம் குறைந்த இரவில் நடக்கிறது. காலை பத்து மணிக்கு வரும் ஆய்வாளர் காண்பது பூட்டிய அறையையும் ஒழுங்காக எழுதிய பதிவேட்டையும்தான். இரவு ஆய்வுக்குக் குறைந்தது இரண்டு பேர், வண்டி, மறுநாள் ஈடு விடுப்பு என்று வேண்டும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டாமல் 'திடீர் சோதனைகள் தீவிரம்' என்று அறிக்கை விடுவதில் பயனில்லை.

பிரிட்டனிலும் இதே சங்கடம் இருந்தது. அரசு ஊழியர் சம்பளக் கட்டுக்குள் இருந்துகொண்டு அனுபவசாலிகளைப் பிடிக்க முடியவில்லை என்பது, 2011-இல் அங்கே அணுசக்தி ஒழுங்குமுறைக்குத் தனி அலுவலகம் அமைத்ததற்கான காரணங்களில் ஒன்று. அதன் செலவில் பெரும்பகுதி உலை நடத்துபவர்களிடமிருந்து கட்டணமாக வசூலாகிறது. அமெரிக்காவிலும் ஏறத்தாழ அப்படியே. இங்கும் கட்டணம் உண்டு, ஆனால் 1996-க்குப் பிறகு அது திருத்தப்படவில்லை என்று அதே சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது.

புதிய சட்டத்துக்கான விதிகளில் நான்கு விஷயங்களாவது எழுத்தில் வர வேண்டும். வாரியத்துக்குத் தனிப் பணியாளர் பிரிவும் தனிச் சம்பள அட்டவணையும். நிலையத்திலிருந்து வருபவர் பழைய ஊக்கத்தொகையை இழக்காதபடி ஆய்வாளர் படி. வாரியத்தை விட்டுப் போகிறவர், தாம் ஆய்வு செய்த நிறுவனத்தில் சேரக் குறைந்தது இரண்டு வருட இடைவெளி. உலைத் தளத்தில் தங்கும் ஆய்வாளருக்கு வாரியமே தரும் வீடும் வண்டியும். கடைசி விஷயம் அற்பமாகத் தெரியலாம். எந்த நிலையத்தில் குறை எழுதுகிறாரோ, அதே நிலையத்தின் எஸ்டேட் அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதற்கு மனுக் கொடுத்துக் காத்திருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கதிரியக்கப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் சிலர்,
கல்பாக்கம்.