மீன்காரப் பெண்களைக் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி குபேர் அங்காடியை, அதாவது எங்கள் பெரிய மார்க்கெட்டை, இடித்துக் கட்டுவதா பழுதுபார்ப்பதா என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. பிரான்சில் வசிக்கும் என் மகள் என்னை ஸ்பெயினின் வலென்சியா நகருக்கு அழைத்துப் போயிருந்தாள். அங்கே பார்த்த இரண்டு மார்க்கெட்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, 1928இல் திறந்த சென்ட்ரல் மார்க்கெட். எட்டாயிரம் சதுர மீட்டருக்கும் மேல் பரந்த கட்டடம். இரும்புத் தூண், வண்ணக் கண்ணாடி, பூ ஓடுகள், நடுவில் பெரிய குவிமாடம். எதிரிலேயே யுனெஸ்கோ 1996இல் பட்டியலில் சேர்த்த பழைய பட்டு வணிகக் கூடம். இவ்வளவு அழகான இடத்தில் இன்றும் விலாங்கு வெட்டுகிறார்கள்! மீன் பகுதியில் ஓர் அம்மா, ஐஸ் மேல் கிடந்த மீனைச் செதில் சீவி, தலையைத் தனியே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வஞ்சிரத் தலையைக் குழம்புக்கென்று எடுத்து வைத்துத் தரும் நம்மூர் அக்காக்கள்போலவே இருந்தது அந்தக் கை. பாயேயா என்னும் அந்த ஊர்ச் சோற்று உணவுக்கு வேண்டிய அரிசியும் அவரைக்கொட்டையும் அங்கேயே கிடைக்கும். அரிசி, ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரிக்கரை வயல்களில் விளைவது. தட்டையான இரும்புச் சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டிச் சாப்பிடத்தான் அங்கே போட்டி.

இன்னொன்று, 1916இல் திறந்த கோலோன் மார்க்கெட். பாழடைந்து கிடந்ததைச் சீரமைத்து 2003இல் மறுபடி திறந்தார்கள். வண்டிகளைத் தரைக்கடியில் நிறுத்துகிறார்கள். மேலே காப்பிக் கடைகள். ராத்திரி பதினொரு மணிக்குத் தாத்தா பாட்டிகள் கோரை இனக் கிழங்கில் எடுத்த ஓர்சாத்தா பாலில் நீள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட, பேரப்பிள்ளைகள் சுற்றி ஓடுகிறார்கள். பெண்கள் அச்சமில்லாமல் நடந்து வீடு போகிறார்கள். நம் ஊரில் இரவு வாழ்க்கை என்றால் மதுக்கூடம் என்றாகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது.

ஆனால் கோலோனில் பழைய மீன் கடை வரிசைகள் இல்லை. பெரிய மார்க்கெட்டுக்கு அந்தக் கதி வரக் கூடாது. ராத்திரி குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும்தான். அதைப் பழைய துறைமுகப் பக்கம் அமைக்கட்டும், கடைசி பஸ்ஸையும் நேரம் தள்ளி விடட்டும். மார்க்கெட் மார்க்கெட்டாகவே இருக்கட்டும்.

கவனிக்காமல் விட்ட நம் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014 மழையில் சரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். கூரையையும் சாக்கடையையும் ஒவ்வொரு வரிசையாகச் சரிசெய்யுங்கள். விடியற்காலையில் வந்து உட்காரும் மீன்காரப் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் உடனே வேண்டும். எந்த வரைபடம் போட்டாலும், முதலில் அதை அவர்களிடம் விரித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி