‘கலை நிகழ்ச்சிகள் நடைபெற்றன’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை புதுமண்டபத்தில் அப்பா காலத்திலிருந்து தையல் மிஷின் போட்டிருந்த குடும்பம் எங்களுடையது. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனபோது மிஷினும் நானும் கூடவே போனோம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்குச் சல்லடம், கச்சை, உருமா தைப்பதுதான் முக்கியத் தொழில். மாசி பிறந்துவிட்டால் தலை நிமிர நேரமிருக்காது. தை மாதம் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்தால், பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள் வந்துவிடும்.

என் பேத்தி படிக்கும் தனியார் மெட்ரிக் பள்ளியில் போன மாதம் ஆண்டு விழா நடந்தது. உங்கள் நாளிதழில் மறுநாள் செய்தியும் வந்திருந்தது. தாளாளர் தலைமை வகித்தார், முதல்வர் ஆண்டறிக்கை வாசித்தார், பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்குச் சிறப்பு விருந்தினர் கேடயம் வழங்கினார், துணை முதல்வர் நன்றி கூறினார். நன்றிக்கு முந்தைய வரி: ‘மாணவ, மாணவியரின் கலை நிகழ்ச்சிகள் நடைபெற்றன.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அங்கே ‘நடைபெற்றது’ ஒரு நாடகம். கண்ணகி பாண்டியன் சபையில் வழக்குரைக்கும் காட்சி, இருபது நிமிடம். தமிழாசிரியை எழுதிப் பழக்கினார். உடுப்புக்காக என்னிடம் வந்தவர், எல்லோருக்கும் சமிக்கி வைத்துத் தைக்கச் சொன்னார். “டீச்சர், புருஷனை வெட்டிவிட்டார்கள் என்று கேட்டு ஒற்றைச் சிலம்போடு ஓடி வருகிறவளுக்குச் சமிக்கி எதற்கு?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி உங்கள் இஷ்டம் என்றார். காடாத் துணி வாங்கி, டீத்தூள் கொதித்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டேன். தெருப்புழுதியில் நடந்து வந்த நிறம் வந்தது. மிச்ச சமிக்கி எல்லாம் பாண்டிமாதேவிக்குப் போயிற்று. அவள் சிலம்பில் இருப்பது முத்து என்பதால் பாவாடை ஓரத்திலும் முத்துமணி வைத்துத் தைத்தேன். யாரும் கவனிக்கவில்லை, பரவாயில்லை.

ஒத்திகையில் பெரிய தலைவலி சிலம்புதான். அது உடைய வேண்டும். உடைந்து உள்ளேயிருந்து மாணிக்கம் சிதற வேண்டும். கடையில் வாங்கிய பித்தளைச் சிலம்பைப் போட்டால் ணங் என்று சத்தம் வருகிறது, உடையவில்லை. பிளாஸ்டிக் துள்ளுகிறது. அப்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நான் செய்கிறேன் என்றான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 31 வாங்கியவன் அவன். களிமண்ணை வளையமாக உருட்டி, நடுவில் குழித்து, சிவப்பு மணிகளைப் போட்டு மூடி, சுடாமல் நிழலில் காயவைத்தான். முதல் சிலம்பு கெட்டியாகி, உடையாமல் உருண்டது. இரண்டாவது, கண்ணகி கையை ஓங்கும்போதே நொறுங்கி அவள் தலையில் கொட்டியது. அடுத்தடுத்து மண் கனத்தைக் குறைத்தும் கூட்டியும், கொஞ்சம் மணல் கலந்தும் கலக்காமலும் செய்து பார்த்தான். ஒன்பதாவது சிலம்பைத்தான் சரியானது என்றான். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மண், எத்தனை நாள் காய்ச்சல் என்று எழுதி வைத்திருந்ததைக் காட்டினான். கணக்கு வராத பையன் என்கிறார்கள்!

விழாவன்று சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார், விடாமுயற்சி பற்றி. நேரமாகிவிட்டதால் நாடகத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லி மேடைக்குப் பின்னால் வந்து சொன்னார்கள். பிள்ளைகள் தலையாட்டினார்கள், ஒரு வசனத்தையும் விடவில்லை. சிலம்பு முதல் வீச்சிலேயே உடைந்தது. காப்பியத்தில் மாணிக்கப் பரல் பாண்டியன் வாயருகே தெறிக்கும். இங்கே ஒரு பரல் மேடையை விட்டிறங்கி, சிறப்பு விருந்தினரின் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. ஓரத்தில் சாமான்களோடு நின்றுகொண்டிருந்த பையன் எகிறிக் குதித்ததை நான் பார்த்தேன்.

பாண்டியனாக நடித்த பெண்தான் போன வருடம் பத்தாம் வகுப்பில் 493 எடுத்தவள். பள்ளி வாசல் பிளக்ஸில் பெரிய படமாக இருக்கிறாள். அவள் மார்க்கை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. விடிகாலை எழுந்து படித்தால்தான் அது வரும். ஆனால் அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னது வேறு. “தாத்தா, செங்கோல் முதலில் விழணும், அப்புறம் குடை, அப்புறம்தான் நான். விழுவதற்கு மட்டும் ஒரு வாரம் பழகினேன்.” அரியணையிலிருந்து அவள் சரிந்த விதத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு சின்னக் குழந்தை அழுதேவிட்டது. பிளக்ஸில் இது இல்லை. மார்க்குக்குக் கேடயமும் பெற்றோருக்குப் பொன்னாடையும் கொடுத்தவர்கள், நாடகத்துக்குப் பொதுவாக ஒரு பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். பின்னால் சிலம்பு செய்தவனுக்கு அதுவும் இல்லை. நடித்தவர் பட்டியலில் அவன் பெயர் இல்லையாம்.

பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு 2017இல் நிறுத்தியது. லட்டு ஊட்டும் படங்கள் உங்கள் முதல் பக்கத்திலிருந்தும் போயின. பள்ளி வாசல் பிளக்ஸ்கள் மட்டும் ஓர் அங்குலம் குறையவில்லை. அது அவர்கள் வியாபாரம், நான் என்ன சொல்ல.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்களைச் சேர்த்து நாடகக் குழு தொடங்கியது இதே மதுரையில்தான். எம்.ஜி.ஆர். சிறுவயதில் சேர்ந்ததும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில்தான். அன்று வீட்டில் சோறில்லாத பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு கம்பெனிக்குப் போனார்கள். இன்று ஒரே பிள்ளை 493ம் எடுக்கிறது, பாண்டியனாகவும் விழுகிறது. இந்த ஊர்ப் பத்திரிகைக்கு இது செய்தியில்லையா?

நான் கேட்பது பெரிதல்ல. ஆண்டு விழாச் செய்தியில் பொன்னாடை போர்த்தியவர்களில் இரண்டு பேரைக் குறைத்துக்கொண்டு, என்ன நாடகம், யார் எழுதியது, யார் நடித்தது, மேடைக்குப் பின்னால் யார் என்று மூன்று வரி போடுங்கள். பள்ளி கொடுக்கும் குறிப்பில் இருக்காது. நிருபர்தான் கேட்க வேண்டும். எப்படி எழுதுவது என்று தயங்கினால், நானே எழுதித் தருகிறேன்:

‘பள்ளி ஆண்டு விழாவில் கண்ணகி வழக்குரைத்த நாடகம் நடந்தது. தமிழாசிரியை எழுதி இயக்கினார். பிளஸ் 1 மாணவி பாண்டியனாக நடித்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவர் களிமண்ணில் செய்த சிலம்பு முதல் வீச்சிலேயே உடைந்தது.’

இப்படிக்கு,
தையற்காரர் ஒருவர்,
மதுரை.
(பேத்தி அங்கேதான் படிக்கிறாள், பெயர் போட வேண்டாம்.)