பதினோரு பேச்சாளர்கள்

அன்புள்ள சேது,

கடிதம் போட்டு எட்டு மாதம் ஆகிறது. நீ திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிக்கொண்டுவிட்டேன், அதனால் அதை விடு. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, சாந்தி சௌக்கியம், நாம் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவன் மூன்றாவது தடவையாக ஓய்வு பெற்றிருக்கிறான்.

விஷயம் என்னவென்றால், கயலுக்குக் கல்யாணம். ஆடி மாதத்தில். பையனை அவளே பார்த்துக்கொண்டாள், மதுரையில் வக்கீல், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறார் (சிரிக்காதே).

சுயமரியாதைக் கல்யாணம்தான் என்று இரண்டு பேரும் சொன்ன அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அருப்புக்கோட்டைக்காரன் ஆயிற்றே. 1928இல் பெரியார் முதல் சுயமரியாதைக் கல்யாணத்தை நடத்திவைத்த சுக்கிலநத்தம் நம் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம் என்று நான் எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன், நீ கணக்கே வைத்திருப்பாய். ராத்திரியே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார் யார். எவ்வளவு குறைத்தும் பதினோரு பேர் வந்தது. உனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.

கயல் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். "அப்பா, இது கல்யாணமா, மாவட்ட மாநாடா?" என்றாள்.

மேடையும் தலைமையும் இல்லாமல் எப்படி என்று நான் எகிறினேன். மாப்பிள்ளை ரொம்பப் பணிவாக, 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை போனில் எடுத்துக் காட்டினார். ஊரறிய அறிவித்து விமரிசையாக நடத்த வேண்டிய அவசியமே இல்லையாம், வக்கீல்கள்கூட நண்பர்கள் என்ற முறையில் உடனிருந்து நடத்திவைக்கலாமாம். வக்கீல் வீட்டில் பெண் கொடுத்தால் இப்படித்தான்.

நேரத்துக்கும் ஒரு சண்டை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மேல், ராகுகாலத்தில்தான் மாலை மாற்ற வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பிள்ளைகளுக்குக் காலை பத்து மணி வேண்டும், அவர்களுடைய நண்பர்கள் ராத்திரி ரயிலைப் பிடித்தால்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியும். அடுக்களையிலிருந்து சாந்தி சொன்னாள்: "ராகுகாலம் வரட்டும்னு காத்துக்கிட்டிருந்து கல்யாணம் பண்றதும் நேரம் பாக்குறதுதானே?" இத்தனை வருஷம் மேடையில் பேசியவன், எனக்கு அதற்குப் பதில் வரவில்லை. பத்து மணி என்று முடிவாயிற்று. ஆடி மட்டும் நிலைத்தது, அதுவும் மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது என்பதால், என் கொள்கைக்காக அல்ல.

மொய் வேண்டாம் என்கிறார்கள். இதற்கு மட்டும் சாந்தி எதிர்க்கட்சி. பழுப்புத்தாள் அட்டை போட்ட அந்த நீள நோட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒட்டகம் தங்கச்சி கல்யாணம் 101, அவன் அக்கா மகள் சடங்கு 51 என்று வாசிக்கிறாள். "இதெல்லாம் யாரு திருப்பித் தர்றது?" நான் நடுநிலை. மனசுக்குள் சாந்தி பக்கம்.

பேச்சுக்குப் பதிலாக என்னதான் இருக்கும் என்று கேட்டேன். உறுதிமொழியை அவர்களே எழுதியிருக்கிறார்கள், அரைப் பக்கம். நாம் வழக்கமாக வாசிக்கிற "வாழ்க்கை ஒப்பந்தம்" கிடையாது. ஒரு வரி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: "கோபத்தில் இருக்கும்போது ஒருவர் வீட்டாரை மற்றவர் இழுத்துப் பேச மாட்டோம்." சாந்தி இதை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சேது, இதுவரை எழுதியதெல்லாம் சும்மா. போன வாரம் கயல் தாலி கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். தாலியில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர்களின் மகள். அவளுக்குப் பத்து வயதிலேயே இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஐம்பதுகளில் உயர் நீதிமன்றம் நம் கல்யாணங்களைச் செல்லாது என்றது, 1967இல் அண்ணா ஆட்சியில் திருத்தம் கொண்டுவந்து பழைய கல்யாணங்களையும் சேர்த்துச் செல்ல வைத்தது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தப் பாடத்தையே எனக்குத் திருப்பினாள். "துணையாக ஏற்கிறேன்னு சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாத்திக்கலாம், அல்லது தாலி கட்டலாம். ரெண்டு 'அல்லது' இருக்குன்னு நீங்கதானே விரலை மடக்கிக் காட்டுவீங்க?"

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளைக்கு ஒரு அப்பத்தா இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். இருபத்தாறு வயதில் கணவர் போய்விட்டார், மூன்று பிள்ளைகளைக் களையெடுத்தும் கதிரறுத்தும் வளர்த்திருக்கிறார்கள். அந்த மூன்று பேர் கல்யாணத்திலும் மணவறைப் பக்கம் வரவில்லை, சமையற்கட்டோடு சரி. கயல் சொன்னாள்: "தாலியை அந்த அப்பத்தாதான் எடுத்துக் குடுக்கப்போறாங்க. இதுவரைக்கும் எந்தக் கல்யாணத்துலயும் அவங்க கையில யாரும் தாலியக் குடுத்ததில்லப்பா. கேட்டப்போ, 'நானா ஆத்தா, நானா'ன்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாங்க."

எனக்கு அப்போது என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? 1994. நம் பள்ளிக்கூட மைதானம். என் கல்யாணத்தில் ஏழு பேர் பேசினார்கள். அதில் ஒருவர் விதவைகளின் நிலை பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார், நீகூட அருமையான பேச்சு என்றாய். கைதட்டல் தாங்கவில்லை. அந்த நேரத்தில் எங்கம்மா பந்தலுக்குப் பின்னால் சமையல்காரரிடம் இலை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மேடைக்கு வரக்கூடாது என்று அதை யாரும் தடுக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் முகத்தையே பார்த்தேன், "நல்லாப் பேசுனாங்கப்பா" என்றது.

பட்டியலைக் கிழித்துவிட்டேன். தாலி பற்றி எனக்கு இன்னமும் ஒப்புதல் கிடையாது, அதைக் கயலிடமும் சொல்லிவிட்டேன், "தெரியும்" என்றாள். ஆனால் அந்த அப்பத்தா மேடை ஏறும்போது கைப்பிடித்துக் கூட்டிவரும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதனால் உன் பத்து நிமிடம் ரத்து, கோபப்படாதே. உனக்கு வேறு வேலை இருக்கிறது. தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கையெழுத்துப் போடும் சாட்சிகளில் நீ ஒருவன். உன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடு, கண்ணாடியை மறந்துவிட்டு வந்து கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியில் போடாதே.

அப்புறம் இன்னொன்று. என் கல்யாணத்தன்றைக்கு உன் யாஷிகா கேமராவில் இரண்டு சுருள் எடுத்தாய். பிரிண்ட் போடாத நெகட்டிவ் எதுவும் உன் வீட்டுப் பரணில் கிடக்கிறதா, பார். எங்களிடம் இருக்கிற ஆல்பத்தை நேற்று முழுக்கப் புரட்டிவிட்டேன். ஏழு பேச்சாளர்களும் இருக்கிறார்கள், அம்மா ஒன்றில்கூட இல்லை.

உன்,
முருகேசு