நட்ட பரப்பை ஊருக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரக்கறி விலை ஏறினாலும் விழுந்தாலும் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. அந்த விலைக்கு முன்னால் நடப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டம் செய்பவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

விலை அறிவது இன்று பெரிய பாடு இல்லை. தம்புள்ளை மொத்தச் சந்தையில் என்ன விலை என்று கைபேசியிலேயே பார்க்கலாம். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. சரி, திருநெல்வேலிச் சந்தையில் மூட்டையை இறக்கிய பிறகு அந்த விலையை வைத்து என்ன செய்வது? கத்தரிக்காயைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க எங்களிடம் குளிரறையா இருக்கிறது? கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

எங்களுக்குத் தகவல் வேண்டியது நடுகைக்கு முன்னால். சின்ன வெங்காயம் நட்டால் இரண்டு, இரண்டரை மாதத்தில் கிண்டிவிடலாம். ஆனால் விதை வெங்காயத்துக்கே கைக்காசு போய்விடும். போன முறை நல்ல விலை போயிருந்தால் இந்த முறை உரும்பிராய், கோப்பாய், புத்தூர், ஏழாலை என்று எல்லா இடமும் வெங்காயம்தான். எல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும், விலை சரியும். அடுத்த ஊரில் எத்தனை பரப்பு நட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் சிலராவது பீற்றூட்டுக்கோ மிளகாய்க்கோ மாறுவார்கள். இந்தக் கணக்கு எடுக்கப்படாமலும் இல்லை. பயிர்ச்செய்கைப் பரப்பு விபரம் ஊர்களில் திரட்டப்பட்டு மேலே போகிறது. மேலே போனது கீழே வருவதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கமநல சேவை நிலையத்தில் ஒரு கரும்பலகையை மாட்டி, கிழமைக்கு ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

வியாபாரிகளிடமும் ஒன்று கேட்கவேண்டும். வெளிமாவட்டத்து லொறி எப்போது வரும், எத்தனை அந்தர் ஏற்றும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதை எங்களுக்குச் சொன்னால் கிண்டுவதை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். சொல்லாமல் இருப்பதில்தான் அவர்களுக்கு லாபம் என்ற நினைப்பு மாறவேண்டும். பாதி லொறியோடு திரும்புகிற நாளில் நட்டம் அவர்களுக்கும்தானே.

அப்புறம் சந்தையில் வியாபாரிகள் எடுக்கிற அந்தப் பத்து வீதக் கழிவு. நூறு கிலோ கொடுத்தால் தொண்ணூறுக்குத்தான் காசு. இது அநியாயம், ஒழியவேண்டும் என்று நானும் சொல்கிறேன். ஆனால் அது எங்கே வேர்விட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். மழை ஈரத்தோடு கிண்டிய வெங்காயத்தை உள்ளே வைத்து, காய்ந்த பிடிகளை வெளியே தெரியக் கட்டுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். இரண்டு நாளில் மூட்டை வெதும்பி மணக்கும். எது நல்ல மூட்டை என்று பிரித்தறிய வழியில்லாத வியாபாரி எல்லார் தலையிலும் பத்து வீதத்தைக் கட்டுகிறார். தண்ணீர் விடுவதை நிறுத்தி முறையாகக் கிண்டி, கொட்டிலில் தொங்கவிட்டு உலர்த்தியவனும் அதே கழிவைக் கொடுக்கிறான். கிண்டிய திகதி, எத்தனை நாள் உலர்த்தியது, யாருடைய தோட்டம் என்று மூட்டையில் ஒரு துண்டு கட்டினால், பழுதுக்கு அந்த மூட்டைக்காரரே பொறுப்பு. அதன் பிறகு எல்லாரிடமும் கழிவு எடுக்க வியாபாரிக்கு என்ன நியாயம் இருக்கும்?

2022 இல் மட்டுவிலில் மொத்த வியாபாரத்துக்கென்று பொருளாதார மத்திய நிலையத்தைத் திறந்தார்கள். கடைத்தொகுதி கட்டினால் மட்டும் வியாபாரம் வந்துவிடாது. கமக்காரர் அமைப்புகளையும் சந்தை வியாபாரிகளையும் கமநல அதிகாரிகளையும் அங்கே ஒன்றாக இருத்தி, காலபோக (மாரிகால) நடுகை தொடங்குமுன் யார் எந்தத் தகவலை எந்த நாளில் தருவது என்று முடிவெடுக்கவேண்டும். மாவட்டச் செயலகம் இதற்கு ஒரு திகதி குறிக்கவேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வலிகாமம் கமக்காரர் ஒருவர்