சேம்பர்லினின் அந்த 12 நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தங்கள் தொடரில் சென்ற வாரம் ஜோஷுவா சேம்பர்லினைப் படித்தேன். மொழி படிக்க ஐரோப்பா போகிறேன் என்று கல்லூரியில் லீவு வாங்கிக்கொண்டு பேராசிரியர் படையில் சேர்ந்தது, கெட்டிஸ்பர்க் போரில் தோட்டா தீர்ந்துபோனதும் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக் குன்றிலிருந்து கீழே பாய உத்தரவிட்டது, எல்லாம் சுவையாகவே இருந்தன. ஆனால், 'பிறகு மெய்ன் மாநில கவர்னராக இருந்தார்' என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிட்டீர்களே!

கவர்னர் பதவி அங்கே அப்போது ஓராண்டுதான். தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தார். மதுவிலக்குக்கென்று தனி போலீஸ் கேட்ட சொந்தக் கட்சிக்காரர்களோடு உரசல் வந்தது. அதெல்லாம் கிடக்கட்டும். எழுதியிருக்க வேண்டியது, பதவியை விட்டுப் பல வருடம் கழித்து 1880 ஜனவரியில் நடந்தது.

அதற்கு முந்தைய செப்டம்பர் தேர்தலில் கவர்னர் பதவிக்கு யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சட்டசபைதான் முடிவு செய்ய வேண்டும். அங்கே குடியரசுக் கட்சிக்கு இடம் அதிகம். பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி கவர்னர் கார்சலனும் அவருடைய கவுன்சிலும், பெயர் முழுதாக இல்லை, தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது, கையெழுத்து முறைப்படி இல்லை என்று ஊர்களிலிருந்து வந்த தேர்தல் முடிவுத் தாள்களைத் தள்ளித் தள்ளிக் கணக்கையே புரட்டிவிட்டார்கள். தலைநகர் ஆகஸ்டாவில் ஆயுதத்தோடு ஆட்கள் குவிந்தார்கள். கார்சலனின் பதவிக்காலம் முடிந்தது. புதிய கவர்னர் இல்லை. போகிற போக்கில், மாநிலப் படையின் மேஜர் ஜெனரலாக இருந்த சேம்பர்லினிடம் பாதுகாப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

சேம்பர்லின் முதலில் சட்டசபைக் கட்டடத்திலிருந்த ஆயுதக் காவலாளிகளை வெளியே அனுப்பினார். நகர போலீஸை வைத்தே சமாளித்தார். படையை ஊருக்குள் கொண்டுவரவில்லை. குடியரசுக் கட்சியின் பெருந்தலை ஜேம்ஸ் பிளெய்னுக்கு வீடே சட்டசபைக்கு எதிரில்தான். படையைக் கூப்பிடச் சொல்லி நெருக்கினார். சேம்பர்லினும் அதே கட்சிதான், ஆனாலும் மசியவில்லை. கவர்னர் நான்தான் என்று வந்து நின்ற எவரையும் ஏற்காமல், நீதிமன்றம் சொல்லட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். கொலை மிரட்டல் வந்தது. 'நேற்று இன்னொரு ரவுண்ட் டாப்' என்று மனைவிக்கு எழுதினார். கெட்டிஸ்பர்க்கில் அவர் காத்து நின்ற குன்றின் பெயர் அது.

இத்தனைக்கும் ராணுவ மிடுக்கில் அவருக்கு மோகம் குறைவில்லை. முன்பு பேராசிரியராக இருந்த அதே போடின் கல்லூரியின் தலைவராக இருந்தபோது மாணவர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி என்று பிடிவாதம் பிடித்து, 1874-இல் அவர்கள் கலகமே செய்தார்கள். அப்படிப்பட்டவர்தான் ஆகஸ்டாவில் ஒரு சிப்பாயைக்கூட இறக்காமல் இருந்தார். அதனால்தான் எனக்கு இந்த 12 நாள் அந்தக் குன்றைவிடப் பெரிதாகப் படுகிறது.

மாநில உச்ச நீதிமன்றம் குடியரசுக் கட்சியினர் கூட்டிய சட்டசபைதான் செல்லும் என்றது. அந்தக் கட்சியின் டேவிஸ் கவர்னரானார், சேம்பர்லின் பொறுப்பை விட்டு இறங்கினார். இரு தரப்பிலும் வசவுதான் மிச்சம். செனட்டர் ஆகும் ஆசையும் கடைசிவரை நிறைவேறவில்லை.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. 1864-இல் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் போரில் இடுப்பைத் துளைத்த குண்டின் காயம் ஆறவே இல்லை. 1914-இல் அவர் இறந்ததும் அதன் உபாதையால்தான். தொடர் புத்தகமாக வரும்போது இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.