திராட்சை விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி கூட்டப்பட்டன. கவாத்துப் (கொடி வெட்டிச் சீராக்கும்) பயிற்சி வழக்கம்போல் நடைபெற்றது.

மண் காப்புத் திட்டம் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது; அது செயலாளரின் சொந்த விருப்பம் என்று சென்ற பொதுக்குழுவில் பேசப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். சரிவு நிலத்தில் வரிசை இடைவெளிகளைப் புல் பூண்டின்றி உழுது வைப்பதே நல்ல பராமரிப்பு என்று நம்மில் பலர் கருதுகிறோம். ஆனால் திறந்த மண்ணில் மழைத்துளி விழும்போது மண் திரள்கள் சிதறி, துளைகள் அடைபட்டு, உள்ளே இறங்க வழியற்ற நீர் டிராக்டர் சக்கரத் தடங்களில் திரண்டு ஓடுகிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அது ஏறத்தாழ 13 டன். முதலில் போவது களிமண் துகளும் மட்குமே. அவற்றில் ஒட்டியுள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உடன் செல்வதால், போட்ட உரத்தையே மீண்டும் வாங்குகிறோம். ஐயமுள்ளோர் தம் பழைய தோட்டத்தில், நடும்போது தரைக்குச் சற்று மேலே இருந்த ஒட்டுப்பகுதி (வேர்ச்செடியும் கொடியும் இணைந்த இடம்) இன்று தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பார்க்கலாம்.

செயல்விளக்கத் தோட்டத்தின் ஒரு பாதியில், ஒன்றுவிட்டு ஒரு இடைவெளியில் புல்லும் பயறுவகையும் கலந்து மண்ணை மூடும் மூடுபயிராக விதைத்து, இரு பாதிகளின் அடிவாரத்திலும் அடித்து வரும் மண்ணைப் பிடிக்க வண்டல் குழிகள் வெட்டினோம். பெருமழைக்குப் பின் உழுத பாதியின் குழி சேற்றால் நிரம்பியது. மற்றதில் படிந்தது மிகச் சொற்பம். மூடுபயிர் கொடியின் நீரைப் பறிக்கும் என்ற வாதம் தவறன்று. அதனாலேயே கோடை முற்றுமுன் அதை வெட்டி மூடாக்காகப் பரப்பினோம். கவாத்துக் கழிவையும், நோயுற்ற தண்டுகளை நீக்கி, நறுக்கிப் போட்டோம். இக்குழிகளைக் காண அனைவருக்கும் முறையாக அழைப்பு அனுப்பியும், தண்ணீரைப் பற்றி உரக்கப் பேசிய உறுப்பினர் எவரும் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக உள்ளது. விவரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா நிலுவை வரவில் சேர்க்கப்படவில்லை, சேர்த்திருந்தால் நிலைமை வேறாகத் தோன்றியிருக்கும். நிலுவை வைத்திருப்போரின் பெயர்களை இம்முறை வாசிக்கப் போவதில்லை.

நிலம் தந்த உறுப்பினருக்கும், தணிக்கையாளருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை ஏற்க எவரேனும் முன்வந்தால் மகிழ்வுடன் ஒப்படைப்பேன். எவர் ஏற்றாலும் மூடுபயிர் விதையை மழைக்கு முன்பே வாங்கியாக வேண்டும். சங்க இருப்பு அதற்குப் போதாது. ரசீதுப் புத்தகம் வாசலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்